கணினி கேள்வி–பதில்: ஆளில்லாத இரவில் விண்டோஸும் லினக்ஸும்

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் பில்லிங் மென்பொருள் ஒரு விண்டோஸ் கணினியில் இயங்குகிறது. அதன் காப்புநகலை வாடகைக்கு எடுத்துள்ள லினக்ஸ் சர்வருக்கு நாள்தோறும் அனுப்புவதற்காக, கோப்புகளை நகலெடுத்து அனுப்பும் பிஎஸ்சிபி கட்டளையை ஒரு பேட்ச் கோப்பில் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பு) எழுதி வைத்துள்ளோம். அதை இருமுறை சொடுக்கினால் ஒழுங்காக வேலை செய்கிறது. ஆனால் டாஸ்க் ஷெட்யூலரில் இரவு 11 மணிக்கு இயங்குமாறு அமைத்தால், மறுநாள் காலையிலும் ‘இயங்கிக்கொண்டிருக்கிறது’ என்றே காட்டுகிறது; கோப்பும் போய்ச் சேர்வதில்லை. என்ன காரணம்?
— கணக்குப் பிரிவு ஊழியர், திருப்பூர்

பதில்: உங்கள் பேட்ச் கோப்பு ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, யாரும் பதில் சொல்லாததால் விடிய விடியக் காத்திருக்கிறது. அந்தக் கேள்வி பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்: ‘இந்தச் சர்வரின் சாவியை இதற்கு முன் பார்த்ததில்லை, நம்பலாமா?’

பிஎஸ்சிபி பயன்படுத்தும் எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு முறையில் ஒவ்வொரு சர்வருக்கும் அடையாளச் சாவி ஒன்று உண்டு. முதன்முறை இணையும்போது அதை ஏற்கிறீர்களா என்று நிரல் கேட்கும். நீங்கள் ஒப்புக்கொண்டதும் அதைக் குறித்து வைத்துக்கொள்ளும். குறித்து வைக்கும் இடம்தான் இங்கே சிக்கல். புட்டி குடும்பத்து நிரல்களான பிஎஸ்சிபியும், சர்வரில் கட்டளைகளை ஓட்டும் பிளிங்க்கும் அதை விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில், அப்போது உள்நுழைந்திருக்கும் பயனருக்கு உரிய பகுதியில் எழுதுகின்றன. விண்டோஸுடன் வரும் ஓபன்எஸ்எஸ்எச் அதே பயனரின் சொந்தக் கோப்புறையில் எழுதுகிறது. பகலில் நீங்கள் உங்கள் பெயரில் ஒப்புக்கொண்டிருப்பீர்கள். இரவில் டாஸ்க் ஷெட்யூலர் அந்த வேலையை ‘சிஸ்டம்’ என்ற கணக்கின் பெயரில் ஓட்டினால், அந்தக் கணக்கைப் பொறுத்தவரை உங்கள் சர்வர் முன்பின் அறியாத ஒன்று. ஆகவே அது மறுபடியும் கேட்கிறது. கேட்பது திரையில் தெரிவதுகூட இல்லை.

இதைத் தீர்க்க இரண்டு காரியங்கள் செய்ய வேண்டும். முதலாவது, கட்டளையுடன் ‘பேட்ச்’ என்ற விருப்பத்தைச் சேர்ப்பது. அப்போது எந்தக் கேள்வி எழுந்தாலும் நிரல் காத்திருக்காமல் பிழையுடன் வெளியேறிவிடும். ஓபன்எஸ்எஸ்எச் பயன்படுத்துவோருக்கு ‘பேட்ச்மோட்’ என்ற அமைப்பு இதே வேலையைச் செய்கிறது. இரண்டாவது, சர்வரின் சாவிக் கைரேகையை (சாவியை அடையாளம் காட்டும் சுருக்கக் குறியீடு) ‘ஹோஸ்ட்கீ’ என்ற விருப்பத்தின் வழியாகக் கட்டளையிலேயே எழுதிவிடுவது. அந்தக் கைரேகையைச் சர்வரை அமைத்துத் தந்தவரிடமிருந்தோ, சர்வரின் கட்டுப்பாட்டுப் பலகத்திலிருந்தோ பெறுவதுதான் முறை. முதல் இணைப்பில் திரையில் வந்ததை அப்படியே நகலெடுத்தால், அந்தச் சோதனைக்கே பொருள் இல்லாமல் போகிறது. இணையத்தில் பலரும் சொல்லும் குறுக்குவழி ஒன்று உண்டு: ‘ஒய்’ என்ற எழுத்தை எக்கோ மூலம் நிரலுக்கு ஊட்டிவிடுவது. யார் வந்து கதவைத் தட்டினாலும் ‘வாருங்கள்’ என்று சொல்லும்படி காவலாளிக்குக் கட்டளையிடுவது போன்றது அது. செய்யாதீர்கள்.

சாவிப் பிரச்சினை தீர்ந்த பிறகும் சில பொறிகள் இருக்கின்றன. டாஸ்க் ஷெட்யூலர் வேலையைத் தொடங்கும்போது நடப்புக் கோப்புறை உங்கள் பேட்ச் கோப்பு இருக்கும் இடம் அன்று. தனியாகக் குறிப்பிடாவிட்டால் அது சிஸ்டம்32 கோப்புறையாகவே இருக்கும். எனவே எல்லாப் பாதைகளையும் முழுமையாக எழுதுங்கள். உங்கள் கணக்கில் இசட் என்று பெயரிட்டு இணைத்து வைத்திருக்கும் நெட்வொர்க் டிரைவ் அந்த இரவுக் கணக்குக்குத் தெரியாது; இரு பின்சாய்கோடுகளுடன் தொடங்கும் முழு முகவரியைத் தர வேண்டும், அந்த முகவரியைத் திறக்க அந்தக் கணக்குக்கு அனுமதியும் வேண்டும். சாவிகளை நினைவில் வைத்திருக்கும் பேஜன்ட் நிரலில் உங்கள் உள்நுழைவுச் சாவியை ஏற்றி வைத்திருந்தால், அது நீங்கள் உள்நுழைந்திருக்கும் அமர்வுக்கு மட்டுமே உதவும். இவற்றையெல்லாம் பார்க்கும்போது, ‘சிஸ்டம்’ கணக்கை விட்டுவிட்டு, இந்த ஒரு வேலைக்கென்றே குறைந்த உரிமைகளுடன் ஒரு விண்டோஸ் பயனரை உருவாக்கி, அந்தப் பெயரில் ஒருமுறை கையால் ஓட்டிச் சோதித்த பிறகு ஷெட்யூலரிடம் ஒப்படைப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

பலர் கவனிக்காத இன்னொரு செய்தி. டாஸ்க் ஷெட்யூலரின் இயல்பமைப்பில், ஒரு வேலை 3 நாள்களுக்கு மேல் ஓடினால்தான் நிறுத்தப்படும். முந்தைய ஓட்டம் முடியாமல் இருந்தால் புதிய ஓட்டம் தொடங்கப்படாது. இவ்விரண்டும் சேரும்போது, ஓர் இரவில் சிக்கிக்கொண்ட வேலை அடுத்து வரும் இரவுகளின் காப்புநகல்களையும் சத்தமில்லாமல் தடுத்துவிடும். அந்த 3 நாள்களை 1 மணி நேரமாகக் குறைத்துவிடுங்கள். பேட்ச் கோப்பின் இறுதியில் பிழை எண்ணைப் பார்த்து, அது பூச்சியம் இல்லையென்றால் பதிவுக் கோப்பில் எழுதி, உங்களுக்கு ஒரு மின்னஞ்சலும் வருமாறு செய்யுங்கள். வேலை நடந்தது என்று தினமும் வரும் மின்னஞ்சலை இரண்டாவது வாரத்திலிருந்து எவரும் திறப்பதில்லை. நடக்கவில்லை என்று வருவது கண்ணில் படும்.

கேள்வி: ஸ்கிரிப்டில் கடவுச்சொல்லை எழுதி வைப்பது அவ்வளவு ஆபத்தா? கணினி எங்கள் அலுவலகத்துக்குள்தானே இருக்கிறது?
— அதே வாசகரும், சேலத்திலிருந்து மற்றொருவரும்

பதில்: ஆபத்துதான். பிளிங்க் கட்டளையில் கடவுச்சொல்லை நேரடியாகக் கொடுத்தால், அது இயங்கும் நேரம் முழுவதும் டாஸ்க் மேனேஜரின் கட்டளை வரிப் பத்தியில் அது வெளிப்படையாகத் தெரியக்கூடும். பேட்ச் கோப்பின் நகல்கள் எங்கெங்கு போகின்றன என்பதும் நம் கையில் இல்லை: காப்புநகலில் இருக்கும், யாருக்கோ அனுப்பிய மின்னஞ்சலில் இருக்கும், உதவி கேட்டு எடுத்த ஸ்கிரீன்ஷாட்டிலும் இருக்கும். 2022-இல் வந்த புட்டி 0.77 பதிப்பு, கடவுச்சொல்லைத் தனிக் கோப்பிலிருந்து படிக்கும் வசதியைத் தந்தது. கட்டளை வரியில் எழுதுவதைவிட அது மேல், ஆனால் போதுமானது அன்று.

1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் யாரோ ஒட்டுக்கேட்டுக் கடவுச்சொற்களைத் திருடியதைத் தொடர்ந்துதான் தாத்து யுலோனென் என்பவர் எஸ்எஸ்எச்சை எழுதினார். இணைப்புகளுக்கான வாயில் எண்களில் (போர்ட்), கோப்பு அனுப்பும் எஃப்டிபிக்கு உரிய 21-க்கும் தொலைவிலிருந்து உள்நுழையும் டெல்நெட்டுக்கு உரிய 23-க்கும் நடுவே காலியாக இருந்த 22-ஐ எஸ்எஸ்எச்சுக்காகக் கேட்டு வாங்கினார். அவ்விரு பழைய முறைகளும் கடவுச்சொல்லை மறையாக்கம் செய்யாமல் அனுப்பியவை. கடவுச்சொல் திருட்டிலிருந்து காப்பதற்காகவே பிறந்த கருவியைப் பயன்படுத்திக்கொண்டு, கடவுச்சொல்லை அதன் பக்கத்திலேயே எழுதி வைப்பது சற்று வேடிக்கையானது.

சாவி முறைக்கு மாறுங்கள். தனிச்சாவி விண்டோஸ் கணினியில் இருக்கும். அதன் இணையான பொதுச்சாவி லினக்ஸ் பயனரின் ‘ஆத்தரைஸ்டு கீஸ்’ கோப்பில் ஒரு வரியாகச் சேரும். ஆளில்லாமல் ஓட வேண்டிய வேலை என்பதால் தனிச்சாவிக்குக் கடவுத்தொடர் வைக்க முடியாது. ஆகவே, அது திருட்டுப் போனாலும் திருடியவருக்கு அதனால் பயனில்லாதபடி சர்வர் பக்கத்தில் கட்டுப்பாடு போட வேண்டும். பொதுச்சாவி வரியின் தொடக்கத்தில் ‘ரெஸ்ட்ரிக்ட்’ என்று எழுதினால் முனையம், போர்ட் கடத்தல் போன்றவை அடைபடுகின்றன. ‘ஃப்ரம்’ என்று எழுதி உங்கள் அலுவலகத்தின் ஐபி முகவரியைத் தந்தால் வேறிடத்திலிருந்து நுழைய முடியாது. ‘கமாண்ட்’ என்று எழுதி ஒரே ஒரு கட்டளையைக் குறிப்பிட்டால், அந்தச் சாவியைக் கொண்டு வருபவர் எதைக் கேட்டாலும் அந்தக் கட்டளை மட்டுமே ஓடும். கோப்பு அனுப்புவதற்கு மட்டும் என்றால், அந்தப் பயனரை எஸ்எஃப்டிபிக்குள்ளேயே (எஸ்எஸ்எச் வழியாகக் கோப்பு அனுப்பும் முறை) நிறுத்தி, தன் கோப்புறைக்கு வெளியே எதையும் பார்க்க முடியாதபடி பூட்டவும் சர்வரின் அமைப்பில் இடமுண்டு.

சாவியை உருவாக்கும்போது ‘இடி25519’ என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். புட்டியின் 0.68 முதல் 0.80 வரையிலான பதிப்புகளில், நிஸ்ட் பி-521 வகைச் சாவிகளைப் பயன்படுத்தும் முறையில் கடுமையான குறை இருந்தது. ஏறத்தாழ 60 கையொப்பங்கள் கிடைத்தால் தனிச்சாவியையே கணக்கிட்டுவிடலாம் என்ற நிலை. 2024 ஏப்ரலில் வந்த 0.81 பதிப்பில் அது சரிசெய்யப்பட்டது. கோப்பு அனுப்பும் நிரல்களான வின்எஸ்சிபியும் ஃபைல்ஜில்லாவும்கூட அதே குறையால் பாதிக்கப்பட்டன. பழைய புட்டியுடன் அந்த வகைச் சாவியைப் பயன்படுத்தியிருந்தால், புதிய பதிப்பை நிறுவுவது மட்டும் போதாது. அந்தச் சாவியையே எல்லாச் சர்வர்களிலிருந்தும் நீக்கிவிட வேண்டும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். விண்டோஸ் கணினியிலிருக்கும் சாவியால் சர்வரின் காப்புநகல்களை அழிக்க முடியுமென்றால், அந்தக் கணினிக்குள் நுழையும் பிணைப்பணத் தீநிரலாலும் அழிக்க முடியும். இயன்றால், வந்து சேர்ந்த கோப்பைச் சர்வரே வேறொரு பயனருக்கு உரிய கோப்புறைக்கு நகர்த்திவிடும்படி அமையுங்கள்.

கேள்வி: விண்டோஸிலேயே எஸ்எஸ்எச் வந்துவிட்ட பிறகு புட்டி, வின்எஸ்சிபி எல்லாம் எதற்கு? எஸ்சிபி, எஸ்எஃப்டிபி, ஆர்சிங்க் — எதைக் கற்றுக்கொள்வது?
— கல்லூரி மாணவி, மதுரை

பதில்: 2018-இலிருந்து வெளிவந்த விண்டோஸ் 10 பதிப்புகளில் ஓபன்எஸ்எஸ்எச் உடன் வருகிறது, புதிதாகத் தொடங்குபவருக்கு அதுவே போதும், லினக்ஸில் கற்றதை அப்படியே இங்கும் எழுதலாம். பொதுச்சாவியைச் சர்வருக்கு ஏற்றித்தரும் ‘எஸ்எஸ்எச் காப்பி ஐடி’ மட்டும் விண்டோஸில் இல்லை. அந்த வரியைக் கையால் சேர்க்க வேண்டும். வின்எஸ்சிபியின் சிறப்பு அதன் ஸ்கிரிப்ட் வசதி: சாளரத்தில் மவுஸால் செய்யும் கோப்புப் பரிமாற்றத்துக்கு உரிய ஸ்கிரிப்டை அதுவே எழுதித் தரும், விரிவான பதிவுக் கோப்பும் தரும்.

ஓபன்எஸ்எஸ்எச்சின் 9.0 பதிப்பு, 2022-இல், எஸ்சிபி கட்டளையை உள்ளுக்குள் எஸ்எஃப்டிபி முறையிலேயே இயங்குமாறு மாற்றிவிட்டது. ஆகவே அவ்விரண்டுக்கும் இடையே பழைய பெயர் வேறுபாடுதான் மிச்சம். பெரிய கோப்புறைகளில் மாறிய பகுதியை மட்டும் அனுப்ப வேண்டுமென்றால் ஆர்சிங்க்குக்கு நிகரில்லை. ஆனால் அது இரு முனையிலும் இருக்க வேண்டும், விண்டோஸில் அதை, லினக்ஸ் போன்ற சூழலைத் தரும் டபிள்யூஎஸ்எல் அல்லது சிக்வின் வழியாகத்தான் ஓட்ட முடியும்.

கேள்வி: விண்டோஸிலிருந்து லினக்ஸ் சர்வரில் கட்டளைகளை ஓட்டுகிறேன். சர்வருக்குள் நுழைந்து எழுதினால் வேலை செய்யும் கட்டளை, வெளியிலிருந்து அனுப்பினால் ‘கட்டளை காணப்படவில்லை’ என்கிறது. மேற்கோள் குறிகளில் வேறு ஓயாத குழப்பம். சில சமயம் பிழையே காட்டாமல் வெற்றுக் கோப்பு வருகிறது.
— மென்பொருள் பராமரிப்பாளர், கோவை

பதில்: மூன்றும் தனித்தனிச் சிக்கல்கள்.

நீங்கள் நுழைந்து வேலை செய்யும்போது ஷெல் (நீங்கள் எழுதும் கட்டளையைப் படித்து ஓட்டும் நிரல்) உங்கள் புரொஃபைல் கோப்புகளைப் படித்துக் கட்டளைப் பாதைகளை நிரப்பிக்கொள்கிறது. வெளியிலிருந்து ஒற்றைக் கட்டளையாக அனுப்பும்போது அவற்றில் பெரும்பாலானவை படிக்கப்படுவதில்லை. எனவே நிரலின் முழுப் பாதையை எழுதுங்கள். இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு: ‘பேஷ்ஆர்சி’ கோப்பில் யாராவது வரவேற்புச் செய்தி அச்சிடும் வரியைச் சேர்த்திருந்தால், அந்தச் செய்தி எஸ்எஃப்டிபியின் தரவோடு கலந்து பரிமாற்றமே முறிந்துவிடும்.

மேற்கோள் குறிகளைப் பொறுத்தவரை, உங்கள் வரியை இருவர் படிக்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள்: முதலில் விண்டோஸின் ஷெல், பிறகு லினக்ஸின் ஷெல். பழைய கட்டளைச் சாளரத்துக்கு ஒற்றை மேற்கோள் என்பது சாதாரண எழுத்து. ஆகவே வெளியே இரட்டை, உள்ளே ஒற்றை. பவர்ஷெல்லிலோ இரட்டை மேற்கோளுக்குள் டாலர் குறியுடன் வரும் பெயர், சர்வருக்குப் போகும் முன்பே விண்டோஸ் பக்கத்து மதிப்பாக மாற்றப்பட்டுவிடும்; அங்கே வெளியே ஒற்றை மேற்கோள் வேண்டும். இந்தக் கணக்கையெல்லாம் போட்டுப் பார்க்கும் பொறுமை எனக்கு இருந்ததில்லை. வேலை முழுவதையும் சர்வரிலேயே ஒரு ஸ்கிரிப்டாக எழுதி வைத்துவிட்டு, வெளியிலிருந்து அதன் பெயரை மட்டும் அழைப்பதே நல்லது. அப்படி முடியாதபோது, கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி பிளிங்க்கின் ‘எம்’ விருப்பத்தில் தரலாம்.

வெற்றுக் கோப்புதான் மூன்றில் மோசமானது. எஸ்எஸ்எச், தொலைவில் ஓடிய கட்டளையின் முடிவு எண்ணை அப்படியே திருப்பித் தருகிறது. இணைப்பே தவறினால் 255 தருகிறது. ஆனால் நீங்கள் தரவுத்தளத்தை வெளியே எடுக்கும் மைஎஸ்கியூஎல்டம்ப் கட்டளையின் வெளியீட்டைக் குழாய்க்குறி மூலம் ஜிசிப் என்ற சுருக்கும் நிரலுக்கு அனுப்பினால், ஷெல் கடைசியில் உள்ள ஜிசிப்பின் முடிவை மட்டுமே சொல்லும். தரவுத்தளக் கட்டளை கடவுச்சொல் பிழையால் நின்றிருக்கும். ஜிசிப்போ ஒன்றுமில்லாததை ஒழுங்காகச் சுருக்கிவிட்டு வெற்றி என்று அறிவிக்கும். பேஷ் ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் ‘பைப்ஃபெயில்’ அமைப்பைச் சேர்த்தால் இந்த மறைப்பு நீங்கும். கூடவே, நேற்றைய கோப்பின் அளவோடு இன்றையதை ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு வரியையும் எழுதிவிடுங்கள்; காப்புநகல் திடீரென்று பாதியாகச் சுருங்கினால் அதற்குக் காரணம் இருக்கும்.

சர்வீஸை மறுதொடக்கம் செய்ய, நிர்வாகி உரிமை தரும் ‘சூடோ’ தேவைப்பட்டால், அது கடவுச்சொல் கேட்க முனையம் இல்லாமல் தோற்கும். அதன் அமைப்பைத் திருத்தும் ‘விசூடோ’ மூலம், குறிப்பிட்ட அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் கடவுச்சொல் வேண்டாம் என்று எழுதுங்கள். எல்லாக் கட்டளைகளுக்கும் விலக்கு அளிப்பது, கடவுச்சொல் பற்றிய பதிலில் சொன்ன சாவிக் கட்டுப்பாடுகளை எல்லாம் வீணாக்கிவிடும்.

கேள்வி: எதிர்த்திசையில், லினக்ஸிலிருந்து விண்டோஸ் கணினிகளுக்குக் கட்டளையிட வழியுண்டா? எஸ்எஸ்எச் சர்வரை விண்டோஸில் நிறுவிச் சாவியையும் சேர்த்தேன். ஆனாலும் கடவுச்சொல்லையே கேட்கிறது.
— பள்ளிக் கணினி ஆய்வகப் பொறுப்பாளர், யாழ்ப்பாணம்

பதில்: நீங்கள் சாவி சேர்த்த பயனர் அட்மினிஸ்ட்ரேட்டர் குழுவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். அந்தக் குழுவினருக்கு, விண்டோஸின் எஸ்எஸ்எச் சர்வர் பயனரின் சொந்தக் கோப்புறையில் உள்ள கோப்பைப் பார்ப்பதில்லை. புரோகிராம்டேட்டாவுக்குள் எஸ்எஸ்எச் கோப்புறையில் ‘அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் ஆத்தரைஸ்டு கீஸ்’ என்ற பொதுக் கோப்பையே பார்க்கிறது. அந்தக் கோப்பை அட்மினிஸ்ட்ரேட்டர் குழுவும் சிஸ்டம் கணக்கும் தவிர வேறு யாரும் திறக்க முடியாதபடி அனுமதிகளும் இருக்க வேண்டும். இல்லையேல் காரணம் சொல்லாமல் கடவுச்சொல் கேட்கும்.

உள்ளே நுழைந்ததும் கிடைப்பது பழைய கட்டளைச் சாளரம். பவர்ஷெல் வேண்டுமென்றால் ரெஜிஸ்ட்ரியில் இயல்பு ஷெல்லை மாற்றலாம். சாவி மூலம் நுழைந்த அமர்வு உங்கள் விண்டோஸ் கடவுச்சொல்லை அறியாது என்பதால், அங்கிருந்து மற்றொரு கணினியின் பகிர்வுக் கோப்புறையைத் திறக்க முயன்றால் மறுக்கப்படும். தேவையான கோப்புகளை முதலில் எஸ்சிபி மூலம் அந்தந்தக் கணினிக்கே அனுப்பிவிட்டுப் பிறகு கட்டளையை ஓட்டுங்கள். கணினிகள் பத்து இருபது என்று பெருகினால், பல கணினிகளை ஒருசேர நிர்வகிக்கும் ஆன்சிபிள் உதவும்; அது விண்டோஸை வின்ஆர்எம் என்ற தொலை நிர்வாகச் சேவை வழியாகவும், அதாவது 5985, 5986 போர்ட்கள் வழியாகவும், ஆளக்கூடியது. ஆன்சிபிள் ஓடும் இடம் மட்டும் லினக்ஸ் போன்ற யூனிக்ஸ் வகையாக இருக்க வேண்டும்.

கேள்வி: அனுப்பிய கோப்புகளில் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறுகின்றன. நோட்பேடில் எழுதிய ஸ்கிரிப்டும் லினக்ஸில் ஓட மறுக்கிறது.
— அச்சக உரிமையாளர், சிவகாசி

பதில்: எஸ்எஃப்டிபி கோப்பின் உள்ளடக்கத்தைத் தொடுவதில்லை, கெடுவது அதற்கு முன்போ பின்போதான். கட்டளைச் சாளரத்தில் பயன்படும் பழைய வகைக் குறிப்பக்கம் (எழுத்துகளுக்கு எண் ஒதுக்கும் அட்டவணை) எதுவும் தமிழுக்கென்று விண்டோஸில் இல்லை, யூனிகோட்தான் வழி. ஆகையால் பழைய குறிப்பக்கத்தில் ஓடும் கட்டளைச் சாளரத்தில் தமிழ்க் கோப்புப் பெயரைப் போட்டால் கேள்விக்குறிதான் மிஞ்சும். பேட்ச் கோப்பை யுடிஎஃப்-8 வடிவில் சேமித்து, தொடக்கத்தில் குறிப்பக்கத்தை 65001-க்கு மாற்றும் கட்டளையை எழுதுங்கள். தானியங்கி வேலைகளில் கோப்புப் பெயர்களை ஆங்கில எழுத்துகளிலும் எண்களிலும் வைத்துக்கொள்வது இன்னும் நிம்மதி. உங்கள் பழைய கோப்புகள் யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்தவை என்றால், அவை சர்வரில் ஆங்கில எழுத்துகளாகத் தெரிவது பரிமாற்றப் பிழை அன்று. அவற்றை யூனிகோடுக்கு மாற்றித்தான் ஆக வேண்டும்.

விண்டோஸ் பவர்ஷெல் 5.1-இல் ஒரு கட்டளையின் வெளியீட்டை அம்புக்குறியால் கோப்பில் சேர்த்தால், அது யுடிஎஃப்-16 வடிவில் எழுதப்படும். சுருக்கிய கோப்பு என்றால் முற்றாகக் கெட்டுவிடும். பவர்ஷெல் 7.4-இல் இது திருந்தியது. எதுவானாலும், சர்வரிலேயே கோப்பை உருவாக்கி அதன் பின் நகலெடுப்பதே பாதுகாப்பு.

நோட்பேட் ஸ்கிரிப்ட் ஓடாததற்கு வரிமுடிவுக் குறி காரணம். விண்டோஸ் இரண்டு குறிகளை இடுகிறது, லினக்ஸ் ஒன்றை எதிர்பார்க்கிறது; ‘டாஸ்2யூனிக்ஸ்’ நிரல் அதைச் சீராக்கும்.

கேள்வி: லினக்ஸ் சர்வரில், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் அதிகாலை 2 மணி என்று எழுதினால், வேலை காலை 7.30-க்கு, அலுவலகம் திறக்கும் நேரத்தில் நடக்கிறது.
— மருந்து மொத்த விற்பனையாளர், திருச்சி

பதில்: வாடகைச் சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும், இந்திய நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. ‘டைம்டேட்சிடிஎல்’ (timedatectl) கட்டளையால் நேர மண்டலத்தைக் கொல்கத்தாவுக்கு மாற்றிவிட்டு, கிரான் சர்வீஸை மறுதொடக்கம் செய்யுங்கள். சர்வரை மாற்ற அனுமதி இல்லையென்றால் கிரானில் 20.30 என்று எழுதுங்கள். அப்போது கிழமையும் ஒருநாள் பின்னால் போகும் என்பதால், ஞாயிறு அதிகாலை ஓட வேண்டிய வேலையைச் சனிக்கிழமைக்குக் குறிக்க வேண்டும்.